மலை மேல் ஊர், ஊருக்கு அடியில் தண்ணீர்

மலர்க் குழுவினர் போன் செய்து, "நீ ஏதாவது எழுதிக் கொடுடா. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பதினாலு வந்தாச்சு" என்றார்கள். என்ன எழுதுவது என்று யோசித்தேன். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதியிருப்பார்கள். ஆகவே நான் பார்த்த ஓர் ஊரின் கதையை எழுதுகிறேன். சரித்திரம் எனக்குப் பாடமில்லை. 2010-ல் சிவில் முடித்துவிட்டு மண்ணோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டுகிற சாதாரண இன்ஜினியர் நான். அந்தக் கண்ணோடுதான் ஊரைப் பார்த்தேன். தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 அக்டோபரில் ஒரு குடிநீர்த் திட்டத்துக்கான பம்புகளைப் பரிசோதித்து வாங்க இத்தாலிக்குப் போக வேண்டியிருந்தது. கூட வந்தவன் நம் பேட்ச் மெக்கானிக்கல் நண்பன். (பெயர் போட்டால் உதைப்பான்.) வேலை முடிந்து ரோமில் இருந்து விமானம் ஏற இரண்டு நாள் இருந்தது. முதல் நாள் எல்லோரையும் போல கொலோசியம், வாடிகன் என்று கால் வலிக்கச் சுற்றினோம். இரண்டாம் நாள் அவன் கடைக்குப் போகலாம் என்றான். நான் ஒர்வியேட்டோ என்றேன். "அது என்னடா, ஐஸ்கிரீமா?" என்று கேட்டான்.

ரோமில் இருந்து வடக்கே ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஸ்டேஷன் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வெளியே வந்து நிமிர்ந்தால் ஊர் தலைக்கு மேலே நிற்கிறது. மலை மேல் ஊர் என்றால் சரிவில் ஏறி ஏறிப் போகும் என்று நினைத்திருந்தேன். இது அப்படியல்ல. கீழே பச்சைச் சரிவு, அதன் மேல் செங்குத்தாக மஞ்சளும் பழுப்புமாக ஒரு பாறைச் சுவர், அந்தச் சுவரின் உச்சியில் ஓரம் வரை வீடுகள். யாரோ ஒரு பெரிய கேக்கை வெட்டித் தட்டில் வைத்த மாதிரி. பாறை மேடை ஒன்றரை கிலோமீட்டர் நீளம் இருக்கும். சில இடங்களில் 50 மீட்டர் உயரத்துக்கும் மேல் நேராக நிற்கிறது. பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது அழகு அல்ல. "அடியில் என்ன மண்?" என்பதுதான். தொழில் புத்தி.

அடியில் களிமண். அங்கேதான் கதையே இருக்கிறது.

சுமார் மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன், பக்கத்தில் இன்று போல்சேனா ஏரி இருக்கும் பகுதியில் இருந்த எரிமலைகள் சாம்பலைக் கக்கின. அது சூட்டோடு வந்து படிந்து இறுகிப் பாறையானது. இத்தாலியர்கள் அதைத் தூஃபோ என்கிறார்கள். கடப்பாரையால் வெட்டலாம், அவ்வளவு மென்மை. வெட்டினால் நிற்கும், அவ்வளவு உறுதி. ஆனால் உடம்பெல்லாம் வெடிப்பு. அந்தப் பாறை உட்கார்ந்திருப்பது, அதற்கும் முன்னால் கடலாக இருந்த இடத்தின் களிமண் மேல். மேலே விழும் மழை வெடிப்புகள் வழியாக இறங்கும், களிமண்ணைத் தொட்டதும் நிற்கும், பிறகு பக்கவாட்டில் கசிந்து ஊற்றாக வெளியே வரும். அதாவது தண்ணீர் எல்லாம் மலையின் அடிவாரத்தில். மனிதர்கள் எல்லாம் உச்சியில். இரண்டாயிரத்தைந்நூறு வருஷமாக இந்த ஊரின் தலைவலி இதுதான்.

முதலில் இங்கே குடியேறியவர்கள் எட்ருஸ்கர்கள், ரோமானியருக்கு முந்திய ஜனம். அவர்களுடைய வெல்ஸ்னா என்ற பெரிய நகரம் இதுதான் என்பது இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மலையடிவாரத்தில் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர்களுடைய கல்லறைகள் தெருத் தெருவாக, வாசல் மேல் குடும்பப் பெயர் வெட்டப்பட்டு இன்றும் நிற்கின்றன. கி.மு. 264-ல் ரோமானியர்கள் ஊரைப் பிடித்து அழித்து, மிஞ்சியவர்களைப் போல்சேனா ஏரிக்கரைக்கு விரட்டினார்கள். பல நூற்றாண்டு கழித்து ஜனங்கள் திரும்ப மேலே ஏறினார்கள். அப்போது வைத்த பெயர் 'ஊர்ப்ஸ் வேத்துஸ்', பழைய ஊர் என்று பொருள். அது தேய்ந்து ஒர்வியேட்டோ ஆகிவிட்டது.

ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மேலே போகும் இழுவை ரயில் இருக்கிறது. 1888-ல் அடோல்ஃபோ பிராச்சி என்ற இன்ஜினியர் போட்டது. முதலில் அது ஓடியது தண்ணீரில். மேலே நிற்கும் வண்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள். அது கனத்தில் இறங்கும்போது கம்பி வடத்தின் மறுமுனையில் இருக்கும் கீழ் வண்டி மேலே ஏறும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியது. அவ்வளவுதான். மெக்கானிக்கல்காரன் இதைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசவேயில்லை. "கரண்ட் பில்லே கிடையாதுடா!" என்றான் கடைசியில். 1970-ல் அதை நிறுத்திவிட்டார்கள். 1990-ல் மின்சாரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தது. பழைய கோட்டைக்கு அடியில் குடைந்த சுரங்கத்தின் வழியாக ஏறி, சில நிமிடத்தில் உச்சியில் இறக்கிவிட்டது.

இறங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே நான் பார்க்க வந்த சமாச்சாரம் இருந்தது. ஒரு கிணறு.

கிணறு பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். அது வெட்டப்பட்ட கதையைச் சொல்கிறேன். 1527 மே மாதம் 6-ம் தேதி, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் சம்பளம் கிடைக்காத சேனை ரோமுக்குள் புகுந்து சூறையாடியது. போப் ஏழாம் கிளெமென்ட் சாந்த் ஆஞ்செலோ கோட்டைக்குள் ஓடி ஒளிந்தார், பிறகு கைதியாகவே இருந்தார். டிசம்பரில் ஒரு இரவு மாறுவேடத்தில் தப்பி இந்த ஒர்வியேட்டோவுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் தூதர்கள் கார்டினரும் ஃபாக்ஸும், அரசருக்கு விவாகரத்து வேண்டி அவரைத் தேடி இங்கேதான் வந்தார்கள். கூரை இடிந்த அறைகளில் போப் இருப்பதைக் கண்டு, அவருடைய படுக்கையறைச் சாமான்கள் எல்லாம் சேர்த்தாலும் இருபது பொற்காசு பெறாது என்று ஊருக்கு எழுதினார்கள். ஹென்றிக்கு இங்கே முடிவான பதில் கிடைக்கவில்லை. பின்னால் இங்கிலாந்துத் திருச்சபையே ரோமைவிட்டுப் பிரிந்தது உங்களுக்குத் தெரியும். உலக சரித்திரத்தின் அப்படியொரு திருப்பத்தில் ஒரு பகுதி, ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே இந்தச் சின்ன ஊரில் நடந்தது.

கிளெமென்டுக்குப் பயம் விடவில்லை. சேனை இங்கேயும் வந்தால்? பாறை காப்பாற்றும், எவனும் ஏறிவர முடியாது. ஆனால் தண்ணீர்? முற்றுகை போட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டால் மேலே இருப்பவன் தாகத்தில் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும்? பாறை வழியாக ஊற்று மட்டம் வரைக்கும் ஒரு கிணறு வெட்டும்படி இளைய அந்தோனியோ தா சாங்கல்லோ என்ற கட்டடக் கலைஞரிடம் சொன்னார். பின்னால் புனித பேதுரு பேராலய வேலையில் மைக்கேலாஞ்சலோவுக்கு முன்னால் பொறுப்பில் இருந்தவர் இவர்தான்.

நம்மில் யாரிடமாவது 53 மீட்டர் ஆழத்தில் இருந்து ஓர் ஊருக்குத் தண்ணீர் ஏற்று என்றால் பம்பு என்போம். 1527-ல் இன்றைய பம்பு கிடையாது. கயிறும் வாளியும் ஒரு கோட்டைக்கே போதாது. தண்ணீரைக் கோவேறு கழுதைதான் சுமக்க வேண்டும். கழுதை இறங்கப் படி வேண்டும். படி இருந்தால் இறங்குகிற கழுதையும் ஏறுகிற கழுதையும் நடுவழியில் முட்டிக்கொள்ளும். கழுதையைப் பின்பக்கமாக நடக்க வைக்க முடியாது என்பது கழுதை வளர்த்தவர்களுக்குத் தெரியும். சாங்கல்லோ செய்தது என்னவென்றால், 13 மீட்டர் விட்டத்துக்கு வட்டமாக வெட்டி, நடுவில் வெளிச்சம் வர ஒரு குழல் விட்டு, அந்தக் குழலைச் சுற்றிக்கொண்டு ஒன்றல்ல, இரண்டு சுருள் பாதைகள் அமைத்தார். ஒன்றின் தலைமேல் இன்னொன்று. இரண்டுக்கும் மேலே தனித்தனி வாசல். அடியில் தண்ணீர் மட்டத்தில் ஒரு சின்னப் பாலம் இரண்டையும் சேர்க்கிறது. ஒரு வழியில் இறங்கி, பாலத்தில் தண்ணீரை நிரப்பி, மறு வழியில் ஏற வேண்டியது. ஒரு கழுதை இன்னொரு கழுதையைச் சந்திக்கவே சந்திக்காது. ஒவ்வொரு பாதைக்கும் 248 படிகள். குழலைப் பார்த்து எழுபது ஜன்னல்கள்.

வேலை பத்து வருஷம் பிடித்தது. கிளெமென்ட் 1534-ல் இறந்துவிட்டார். 1537-ல் மூன்றாம் பவுல் போப்பாக இருக்கும்போது முடிந்தது. முடியும் முன்னாலேயே பென்வெனுத்தோ செல்லினி என்ற பெயர் பெற்ற பொற்கொல்லர், மோசே பாறையை அடித்துத் தண்ணீர் வரவழைக்கும் காட்சியை ஒரு பதக்கத்தில் வடித்துக் கொடுத்தார். இயற்கை இந்தக் கோட்டைக்குக் கொடுக்க மறுத்ததை உழைப்பு சேர்த்துக் கொடுத்தது என்ற பொருளில் வாசலில் லத்தீனில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கிளெமென்ட் பயந்த முற்றுகை மட்டும் வரவேயில்லை. பின்னால் அயர்லாந்தில் இருக்கும் புனித பாட்ரிக்கின் குகையை நினைத்து இதற்கு 'புனித பாட்ரிக் கிணறு' என்று பெயர் வந்தது. இத்தாலியில், எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாத பையை அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். எங்கள் ஆபீசில் சில புராஜெக்டுகளுக்குப் பொருந்தும்.

நாங்கள் டிக்கெட் வாங்கி இறங்கினோம். முதல் சுற்றில் பாறையை வெட்டிய உளி அடையாளம் தெரிகிறது. கீழே போகப் போகச் செங்கல் கட்டு. அந்த இடம்தான் தூஃபோ தீர்ந்து களிமண் ஆரம்பிக்கும் இடம். களிமண் வெட்டினால் நிற்காது, கட்டித்தான் ஆக வேண்டும். நான் நின்று நின்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பன் பொறுமையிழந்து முன்னால் போய்விட்டான். குளிர் கூடிக்கொண்டே வந்தது, ஜன்னல் வெளிச்சம் பச்சையாக மாறியது. திடீரென்று குழலுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. "டேய், நான் ஏறிட்டிருக்கேன்!" என்று கத்தினான். நான் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தேன். ஐந்து மீட்டர் தூரம்கூட இருக்காது, கை ஆட்டினான். ஆனால் அவனிடம் போக வேண்டுமானால் நான் அடி வரைக்கும் போய்த்தான் வர வேண்டும். கழுதைகளுக்குக் கிடைத்த வசதி எங்களுக்கும் கிடைத்தது.

பாலத்தில் தனியாக நின்றேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. ஊற்று வந்துகொண்டே இருந்தாலும் மட்டம் ஏறாது, உபரிக்கு வெளியேற வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் போக்கு வழியைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய நினைப்பு வந்துவிட்டது. அதை இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். இது நம் வீட்டு மலர்தானே.

2013-ல் ஒரு மலைப்பாதை வேலையில் நான் சைட் இன்ஜினியர். சாலை ஓரத்தில் நாலு மீட்டர் உயரத் தாங்குசுவர். டிசைனில் குறையில்லை. சுவருக்குப் பின்னால் வடிகட்டியாகச் சரளை அடுக்கி, முன்னால் தண்ணீர் வடிய வீப் ஹோல் விட வேண்டும். காண்டிராக்டர் ஆட்கள் குழாயை வைத்தார்கள், சரளையைப் போடாமல் தோண்டிய மண்ணையே தள்ளி மூடிவிட்டார்கள். நான் அன்று மாலை போனபோது பாதி மூடியாகிவிட்டது. மறுபடி தோண்டச் சொல்லியிருக்க வேண்டும். பில் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, மேலே இருந்து போன் மேல் போன். 'சரி பார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன். சிவில்காரர்களுக்குக் கணக்கு தெரியும். அந்த உயரத்துக்கு வறண்ட மண் தள்ளுவது மீட்டர் நீளத்துக்குச் சுமார் 5 டன். பின்னால் தண்ணீர் நிறைந்தால் 10 டன்னைத் தாண்டும். நவம்பர் மழையில் மூன்றாம் நாள் விடியற்காலை, பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குச் சுவர் முன்னால் சாய்ந்து விழுந்தது. அதன் கீழே ஒரு டீக்கடை. கடைக்காரர் அன்று மழைக்குப் பயந்து கடை திறக்க வரவில்லை. அதனால்தான் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடையை மறுபடி கட்டிக் கொடுத்தோம். எனக்கு மெமோ வந்தது, விசாரணை நடந்தது, 'எதிர்பாராத கனமழை' என்று ஃபைலை மூடினார்கள். எதிர்பாராத மழையாம்! மலையில் நவம்பரில் மழை. மூன்றாம் வருஷம் சாயில் மெக்கானிக்ஸ் எடுத்த சார், ஒவ்வொரு கிளாசிலும் சாக்பீஸை மேஜையில் தட்டித் தட்டிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மண்ணு உன்னை ஒண்ணும் பண்ணாது தம்பி, தண்ணிக்கு வழி விட்டுட்டியா பாரு." நாங்கள் அதைச் சொல்லி அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறோம். போன சந்திப்பில் அவர் என்னிடம், "எப்படிப்பா இருக்க, சுவரெல்லாம் நிக்குதா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். "நிக்குது சார்" என்றேன்.

248 படி ஏறி வெளியே வந்தபோது நண்பன் திண்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "என்னடா, உள்ளேயே தங்கிட்டே?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். அவனுக்கு அந்தச் சுவர் விஷயம் தெரியும். வேறொன்றும் கேட்கவில்லை.

அங்கிருந்து பெரிய தெரு வழியாக நடந்து கதீட்ரலுக்குப் போனோம். குறுகலான சந்தில் இருந்து திரும்பினால் சட்டென்று முன்னால் தங்க மொசைக்கும் பளிங்குமாக முகப்பு எழுந்து நிற்கிறது. வெயில் பட்டுக் கண் கூசுகிறது. பக்கச் சுவர்களில் கறுப்புக் கல் ஒரு வரி, வெள்ளைக் கல் ஒரு வரி. 1263-ல் போல்சேனாவில் பூசையின்போது அப்பத்தில் இருந்து ரத்தம் கசிந்ததாகவும், அது படிந்த துணி இங்கே கொண்டுவரப்பட்டதாகவும் சொல்கிறார்கள். அடுத்த வருஷம் போப் நான்காம் உர்பன் இந்த ஊரில் இருந்துதான் நற்கருணைப் பெருவிழாவை அறிவித்தார். கதீட்ரலுக்கு 1290-ல் அடிக்கல் போட்டார்கள். உள்ளே லூக்கா சிஞ்ஞொரெல்லி 1499 முதல் 1504 வரை வரைந்த உலக முடிவுச் சித்திரங்கள் இருக்கின்றன. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன், அவ்வளவுதான்.

என்னை இழுத்தது லொரென்சோ மைத்தானி என்ற மனிதர். கட்ட ஆரம்பித்து இருபது வருஷம்கூட ஆகவில்லை, சுவர் தாங்குமா என்று ஊராருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சியேனாவில் இருந்து மைத்தானியை வரவழைத்தார்கள். 1310-ல் அவரைத் தலைமைக் கலைஞராக்கி, ஊர்க் குடியுரிமையும் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் கொடுத்தார்கள். அவர் வெளிப்பக்கத்தில் பெரிய வளைவு முட்டுகளைக் கட்டிச் சுவருக்குத் தாங்கல் கொடுத்தார். பிறகு முகப்பு வேலையில் இறங்கி, 1330-ல் சாகும்வரை இங்கேயே இருந்தார். இப்போது அந்த முட்டுகளை ஆராய்ந்தவர்கள், அவை சுமையைத் தாங்கவேயில்லை, அவை இல்லாமலேயே கட்டடம் நின்றிருக்கும் என்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் முட்டுகளுக்கு இடையில் இருந்த இடத்தில் இரண்டு தேவாலய அறைகளைக் கட்டிக்கொண்டார்கள். சிஞ்ஞொரெல்லியின் சித்திரங்கள் இருப்பது அப்படிப்பட்ட ஓர் அறையில்தான்.

"பயமுறுத்திக் காசு பார்த்திருக்கான்" என்று நண்பன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரிசலை அளக்கும் கருவி இல்லாத காலம், கணக்குப் போடும் முறையும் இல்லாத காலம். ஊரே நிமிர்ந்து பார்த்துப் பயப்படுகிறது. உள்ளே ஆயிரம் பேர் முழங்காலில் நிற்கும்போது விழுந்தால் யார் பொறுப்பு? அந்த இடத்தில் நான் இருந்தாலும் முட்டுக் கொடுத்திருப்பேன். 2013-க்குப் பிறகு இருந்திருந்தால், இரண்டு மடங்கு கொடுத்திருப்பேன்.

மத்தியானம் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் சாப்பிட்டுவிட்டு, வழிகாட்டியோடு ஊருக்கு அடியில் போனோம். ஒர்வியேட்டோவின் பாறைக்குள் இதுவரை 1,200-க்கும் மேற்பட்ட குகைகளும் கிணறுகளும் சுரங்க வழிகளும் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. அநேக வீடுகளுக்குக் கீழே ஏதோ ஒன்று இருக்கும். எட்ருஸ்கர்கள் வெட்டிய கிணற்றை எட்டிப் பார்த்தோம். ஓர் ஆள் உள்ளே நின்று இரண்டு பக்கமும் காலை ஊன்றி இறங்கும் அளவுக்கே அகலம். பக்கங்களில் கால் வைக்கக் குழி. இருபத்தைந்து மீட்டருக்கும் மேல் இப்படி வெட்டிக்கொண்டே போயிருக்கிறான் ஒருத்தன், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், தண்ணீர் வரும்வரை. சாங்கல்லோவுக்குப் பெயர் இருக்கிறது, பதக்கம் இருக்கிறது. இவனுக்கு ஒன்றுமில்லை.

இன்னொரு குகையில் சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாகப் பொந்துகள். புறாக் கூண்டாம். பாறை முகத்தில் ஜன்னல் திறந்துவிட்டால் புறாக்கள் பறந்து போய்க் கீழே வயலில் மேய்ந்து திரும்பி வரும். வீட்டுக்காரன் படுக்கையை விட்டு எழாமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது. முற்றுகை நேரத்தில் இதைவிட வசதி வேறென்ன? நான் சைவம், அதனால் மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. நண்பன், இன்னும் அந்த ஓட்டல் திறந்திருக்குமா என்று கேட்டான்.

வெளியே வந்ததும் பாறை விளிம்பின் சுவர் ஓரமாக நடந்தோம். அங்கேதான் இந்த ஊரின் இக்காலத்துக் கதை கண்ணில் பட்டது. பாறை முகத்தில் இரும்புத் தகடும் ஆணியுமாக வரிசையாக அடித்திருக்கிறார்கள். இந்த ஊர் ஓரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1900-ல் வடக்கே காசியா வாசல் பக்கம் பெரிய மண்சரிவு. 1970-களின் கடைசியில் பாறைத் துண்டுகள் விழுந்து, மேலே வீடுகள் விரிசல் விட்டு, ஊரே கைவிட்டுப் போய்விடுமோ என்ற நிலைமை. 1978-ல் ஒர்வியேட்டோவையும் பக்கத்தில் தோடி என்ற மலை ஊரையும் காப்பாற்ற இத்தாலிய நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது; 1987-ல் இன்னொன்று.

காரணம் என்னவென்று ஊகித்திருப்பீர்கள். இரண்டாயிரம் வருஷம் தண்ணீர் இல்லாமல் தவித்த ஊருக்கு, நவீன காலத்தில் குழாய்த் தண்ணீர் தாராளமாக வந்துவிட்டது. பழைய குழாய்களும் சாக்கடைகளும் கசிந்தன. கசிந்தது வெடிப்புக்குள் இறங்கி, களிமண்ணை ஊறவைத்தது. களிமண் இளகியதும் அதன் மேல் நின்ற பாறை முகம் பிடிமானம் இழந்து பிளந்தது. மழையும் நில அமைப்பும் ஒரு பக்கம் இருந்தாலும், ஊர் தன்னுடைய தண்ணீராலேயே தன் காலை அரித்துக்கொண்டது என்பதில் சந்தேகமில்லை. ஆகவே வேலையும் அப்படியே நடந்தது. பாறையை இரும்புத் தண்டுகளால் தைத்தார்கள், வெடிப்புகளில் சிமெண்ட் கரைசலை அழுத்தி நிரப்பினார்கள், ஆபத்தான குகைகளுக்கு உள்ளே தாங்கல் கொடுத்தார்கள். அதோடு தெருவைத் தோண்டி, ஊர் முழுவதற்கும் தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் புதிதாகப் போட்டார்கள். டூரிஸ்ட் யாரும் போட்டோ எடுக்காத வேலை. கதீட்ரல் முகப்பைவிட இந்த வேலைக்குத்தான் ஒரு பதக்கம் வடித்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். "உனக்குப் பைத்தியம்" என்றான் நண்பன்.

திரும்பும்போது இழுவை ரயிலில் போகவில்லை. ஊரின் மறுகோடியில், கார்களை ஊருக்குள் விடாமல் கீழேயே நிறுத்துவதற்காகப் பாறையைக் குடைந்து லிஃப்டும் நகரும் படிக்கட்டும் போட்டிருக்கிறார்கள். அதில் இறங்கினோம். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சாலை ஓரம் ஒரு தாங்குசுவர் இருந்தது. பழக்கதோஷத்தில் வீப் ஹோல்களை எண்ண ஆரம்பித்தேன். கீழ் வரிசையில் ஒரு குழாயில் இருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக அங்கே மழையே இல்லை என்று காலையில் ஓட்டல்காரர் சொல்லியிருந்தார்.

குனிந்து கையை நீட்டினேன். ஜில்லென்று இருந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று, ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்கிற தோரணையில் என்னவோ சொன்னார். எனக்குத் தெரிந்த நாலு இத்தாலிய வார்த்தையில் ஒன்று கைகொடுத்தது. குழாயைக் காட்டி, "அக்வா" என்றேன். "அக்வா, ஸீ" என்று தலையாட்டிவிட்டு அவர் நாயோடு போய்விட்டார். ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. நண்பன் வாட்சைக் காட்டிக் கத்தும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

சார், இந்த மலர் உங்கள் கைக்கும் வரும் என்று தெரியும். சந்திப்பு அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உங்களை வந்து பார்க்கிறேன். திட்டுவதானால் அப்போது திட்டுங்கள்.